ஏழு தலைமுறை காத்திருந்த விசுவாசம்

1865-ஆம் ஆண்டு மார்ச் 17-ஆம் நாள், வெள்ளிக்கிழமை. ஜப்பான் நாட்டின் நாகசாகித் துறைமுக நகரில், ஓவுரா என்னும் மேட்டில், ஒரு மாதத்திற்கு முன்புதான் அர்ச்சிக்கப்பட்டிருந்த சிறிய ஆலயத்தின் வாயிலில் ஏறக்குறையப் பதினைந்து பேர் வந்து நின்றனர். அருகிலிருந்த உராகாமிப் பள்ளத்தாக்கின் ஏழை உழவர்கள் அவர்கள். பார்வைக்கு வேடிக்கை காண வந்தவர்கள் போலத்தான் தோன்றினர். அந்த ஆலயம் வெளிநாட்டவரின் வழிபாட்டிற்கென மட்டுமே அனுமதிக்கப்பட்டது. ஜப்பானியர் கிறிஸ்தவராய் இருப்பது அன்றும் தண்டனைக்குரிய குற்றமே. நம் புதுவை மறைமாவட்டத்திற்கும் குருக்களை அனுப்பிய பாரிசு அந்நிய வேதபோதக சபையைச் சேர்ந்த தந்தை பெர்னார் பெத்திஜான் கதவைத் திறந்து அவர்களை உள்ளே அனுமதித்தார். பின் பீடத்தின் முன் முழந்தாளிட்டுச் செபிக்கலானார்.

சிறிது நேரத்தில் ஒரு பெண்மணி அவர் அருகே வந்து, நெஞ்சில் கை வைத்து, மெல்லிய குரலில் தங்கள் உள்ளமும் அவருடைய உள்ளமும் ஒன்றே என்று கூறினார். அடுத்து அவர் கேட்டது, சாந்தா மரியாவின் சுருபம் எங்கே உள்ளது என்பதே. இசபெலினா யூரி என்று வரலாறு அவரை அறியும். அன்னையின் சுருபத்தையும் அவர் கையிலிருந்த பாலன் இயேசுவையும் கண்டதும் அவர்களுடைய ஐயம் முற்றும் நீங்கியது. பேச்சினிடையே, இது துக்க காலத்தின் பதினேழாம் நாள் என்றும் அவர்கள் தந்தையிடம் கூறினர். அந்த ஆண்டில் திருநீற்றுப் புதன் மார்ச் முதல் நாளன்று வந்தது. அங்ஙனமாயின் மார்ச் 17 தவக்காலத்தின் பதினேழாம் நாளே. ஒரு நாள்கூடப் பிசகவில்லை!

ஜப்பானில் மறைந்திருந்து பணியாற்றிய கடைசிக் குருவாகிய மான்சியோ கோனிஷி கொல்லப்பட்டது 1644-இல். அதற்குப்பின் 221 ஆண்டுகள் அம்மக்களுக்குத் திருப்பலி இல்லை, நற்கருணை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை, ஆலயமும் இல்லை. இருந்தும் தவக்காலத்தின் நாளைச் சரியாக எண்ணிக்கொண்டு வந்து நின்றனர். இது எவ்வாறு இயன்றது? துன்பத்தின் வேளையில் விசுவாசம் மனிதரைத் தாங்கும் என்று நாம் மறையுரைகளில் அடிக்கடி சொல்கிறோம். அது எவ்வகையில் தாங்குகிறது, எதைக் கொண்டு தாங்குகிறது என்பதை அறிய விரும்புவோர்க்கு உராகாமியின் வரலாறு ஒரு திறந்த புத்தகம்.

சவேரியார் விதைத்த நிலம்

இவ்வரலாற்றின் வேர் நம் கடற்கரையோடும் தொடர்புடையது. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார், மந்திரங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து, சிறுவர்களுக்கு மனப்பாடம் செய்வித்து, ஊர்தோறும் ஒரு கணக்கப்பிள்ளையை நியமித்து, குரு இல்லாத நாள்களிலும் செபம் நிற்காதவாறு ஏற்பாடு செய்தார் என்பதை நாம் அறிவோம். அதே சவேரியார்தான் 1549-ஆம் ஆண்டு, தேவமாதா விண்ணேற்புப் பெருவிழாவன்று, ஜப்பானின் ககோஷிமாவில் கால் பதித்தார். இங்குக் கற்ற பாடம் அங்கும் உதவியது. அவருக்குப் பின் வந்த இயேசு சபையார் ஜப்பானிய மொழியில் மந்திரங்களும் ஞான நூல்களும் இயற்றினர். பொதுநிலையினரிடையே உபதேசியார்களையும் பக்த சபைகளையும் உருவாக்கினர். நாம் சிலுவையைக் குருசு என்று சொல்வதுபோலவே ஜப்பானிய விசுவாசிகளும் குருசு என்றனர். நம்மிடையே பாதிரி என வழங்கும் போர்த்துக்கீசியச் சொல் அவர்கள் நாவில் பதேரென் ஆயிற்று. ஒரே காலத்தில் ஒரே கையால் நடப்பட்ட இரு நாற்றுகள் அன்றோ நாமும் அவர்களும்!

பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானில் கிறிஸ்தவர் தொகை மூன்று இலட்சம் அளவில் இருந்ததென மதிப்பிடுவர். ஆனால் புயல் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1587-இல் ஆட்சியாளர் ஹிதேயோஷி மறைபோதகர்கள் வெளியேற வேண்டுமென ஆணையிட்டார். 1597 பிப்ரவரி 5-ஆம் நாள் நாகசாகியின் நிஷிசாகாக் குன்றில் 26 பேர் சிலுவையில் அறையப்பட்டு ஈட்டியால் குத்திக் கொல்லப்பட்டனர். அவர்களுள் ஒருவர் மும்பைக்கு அருகிலுள்ள வசாயில் பிறந்த புனித கொன்சாலோ கார்சியா என்பது நமக்கு நினைவிருக்க வேண்டும். 1614-இல் தோகுகாவா அரசு நாடு முழுவதும் கிறிஸ்தவத்தைத் தடை செய்தது. 1622-இல் அதே குன்றில் ஒரே நாளில் 55 பேர் எரித்தும் வெட்டியும் கொல்லப்பட்டனர். 1637-இல் கடும் வரியாலும் கொடுமையாலும் நொந்த ஷிமபாரா உழவர்கள் கிளர்ந்தெழுந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். மறு ஆண்டு அக்கிளர்ச்சி இரத்த வெள்ளத்தில் அடக்கப்பட்டபின், போர்த்துக்கீசியர்க்கு நாட்டின் கதவு முற்றிலும் அடைக்கப்பட்டது.

இதுவரை நாம் கூறியது மறைசாட்சிகளின் வரலாறு. அவர்களுக்குத் திருச்சபை பீடம் அமைத்து வணக்கம் செலுத்துகிறது. ஆனால் 1865-இல் ஓவுரா ஆலயத்திற்கு வந்தவர்கள் வேறொரு வகையினரின் வழித்தோன்றல்கள்.

படத்தின்மேல் வைத்த பாதம்

தடைச் சட்டத்தை நிறைவேற்ற அரசு பல கண்ணிகளை விரித்தது. ஒவ்வொரு குடும்பமும் ஒரு பௌத்த ஆலயத்தில் பெயர் பதிந்து, தாங்கள் கிறிஸ்தவர் அல்லர் என்ற சான்றினைப் பெற வேண்டும். ஐந்து ஐந்து வீடுகளாக மக்கள் பிணைக்கப்பட்டனர். ஒரு வீட்டில் குற்றம் கண்டால் மற்ற வீடுகளும் பொறுப்பு. குருவைக் காட்டிக் கொடுப்பவர்க்கு 500 வெள்ளிக் காசுகள் பரிசு என்று அறிவிப்புப் பலகைகள் நாற்சந்திகளில் நின்றன. இவற்றுக்கெல்லாம் மேலாக, நாகசாகிப் பகுதியில் ஆண்டுதோறும் ஒரு சோதனை நடந்தது. ஆண்டவருடைய அல்லது தேவதாயின் உருவம் பொறித்த தகட்டைத் தரையில் வைத்து, ஊரார் ஒவ்வொருவரும் அதன்மேல் கால் வைத்து மிதிக்க வேண்டும். ஃபுமிஎ என்பது அதன் பெயர். மிதிக்கத் தயங்கியவர் சிறைக்குச் சென்றார். உராகாமி மக்களுக்கு இச்சோதனை ஊர்த்தலைவர் வீட்டு வளாகத்தில் நடைபெற்றது.

மிதிக்க மறுத்தவர்கள் கொல்லப்பட்டனர். ஆகவே உயிர் பிழைத்து, குழந்தை பெற்று, அக்குழந்தைகளுக்கு விசுவாசத்தைக் கையளித்தவர்கள் மிதித்தவர்களே என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. இருநூறு ஆண்டுகளாக, ஆண்டுக்கு ஒருமுறை, தாம் மனமார நேசித்த திருமுகத்தின்மீது கால் வைத்துவிட்டு வீடு திரும்பிய மக்கள் அவர்கள். அந்த இரவுகளில் அவ்வீடுகளில் நிலவிய துயரத்தை நாம் எண்ணிப்பார்க்கலாம்.

இங்கேதான் ஒரு சிறு நூல் அவர்களுக்குக் கைகொடுத்தது. 1603-இல், ஆயர் லூயிஸ் செர்குவெய்ராவின் காலத்தில், மனஸ்தாபத்தைப் பற்றிய ஒரு சிறு விளக்க நூல் ஜப்பானிய மொழியில் வெளியிடப்பட்டது. போர்த்துக்கீசியச் சொல்லை அப்படியே ஏற்று அதனைக் கொஞ்சிரிசான் என வழங்கினர். குருவை அடைய இயலாத நிலையில் இருப்பவர், தண்டனைக்கு அஞ்சி அன்று, கடவுள்மீதுள்ள அன்பினால் உள்ளம் நொந்து, வாய்ப்பு நேரும்போது பாவசங்கீர்த்தனம் செய்வதாக உறுதிகொண்டால், இறைவனின் மன்னிப்பை அப்போதே பெறுகிறார் என்பது அதன் சாரம். நம் மூத்தோர் உத்தம மனஸ்தாபம் என்று நமக்குக் கற்பித்ததும், திரிதெந்தின் பொதுச்சங்கம் 1551-இல் போதித்ததும் இதுவே. அந்நூலைக் கையால் எழுதி எழுதித் தலைமுறை தலைமுறையாகக் காத்தனர். மிதித்துவிட்டுத் திரும்பிய கால்கள் வீட்டிற்குள் முழந்தாளிட்டன. வாய் மனஸ்தாப மந்திரத்தைச் சொன்னது.

இறையியல் நோக்கில் இதனை நாம் கவனமாக எடைபோட வேண்டும். மிதித்தது சரி என்று அம்மக்கள் ஒருபோதும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மனஸ்தாபத்திற்கு இடமில்லை. மிதித்ததால் எல்லாம் முடிந்தது என்றும் அவர்கள் எண்ணவில்லை. எண்ணியிருந்தால் அடுத்த தலைமுறைக்குக் கையளிக்க ஒன்றும் எஞ்சியிராது. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள குறுகிய பாதையில் அவர்கள் நடந்தனர். முப்பொழுது ஆண்டவரை மறுதலித்த பேதுரு அதே பாதையில்தான் நடந்தார். யூதாசும் பேதுருவும் இருவருமே விழுந்தவர்கள்; ஒருவர் தம் வீழ்ச்சியைப் பார்த்துக்கொண்டே அழிந்தார், மற்றவர் தம்மைப் பார்த்தவருடைய கண்களை நோக்கி அழுதார். விசுவாசம் தரும் உறுதி என்பது ஒருபோதும் விழாத உறுதி என்று நாம் எண்ணிக்கொண்டால், நம்முள் பெரும்பாலோர் விரைவில் மனமொடிந்து போவோம். விழுந்த இடத்திலிருந்தே மீண்டும் எழுவதற்கான வழியை அறிந்திருப்பதும் விசுவாசத்தின் உறுதியே.

குருவின்றி நடந்த பங்கு

மனஸ்தாபம் தனி ஆன்மாவைக் காத்தது. சமூகத்தைக் காத்தது எது? உராகாமி மக்கள் தங்களுக்குள்ளேயே ஓர் ஒழுங்கை அமைத்துக் கொண்டனர். ஊர் முழுவதற்கும் நாட்காட்டித் தலைவர் ஒருவர் இருந்தார். திருநாள்கள், ஒறுத்தல் நாள்கள், வேலை விலக்க வேண்டிய நாள்கள் ஆகியவற்றைக் கணித்துச் சொல்வது அவர் கடமை. அவருக்கு அடுத்து, ஒவ்வொரு குடியிருப்பிலும் திருமுழுக்கு அளிப்பவர் ஒருவர். அவருக்குக் கீழே, செய்தி கொண்டு செல்பவர்கள். எந்த வீட்டில் குழந்தை பிறந்தது, எந்த நாள் திருநாள் என்பதை வீடுவீடாகக் காதோடு காதாகச் சொல்வது இவர்கள் வேலை. ஏட்டில் எதுவும் அதிகம் எழுதப்படவில்லை. எழுதியது அகப்பட்டால் உயிர் போகும். எல்லாம் நினைவிலும் நாவிலும் வாழ்ந்தன.

அந்த நாட்காட்டி ஓர் உபதேசியாரின் கொடை. பஸ்தியான் என்னும் ஞானப்பெயர் கொண்ட ஜப்பானிய உபதேசியார் ஒருவர், 1634-ஆம் ஆண்டின் திருவழிபாட்டு நாள்களை ஜப்பானிய மாதக் கணக்கிற்கு ஏற்பக் கணித்துக் கொடுத்தார் என்பது மரபு. பின்னர் அவர் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். அவர் ஒரு முன்னறிவிப்பையும் விட்டுச் சென்றதாக அம்மக்கள் சொல்லி வந்தனர்: ஏழு தலைமுறை கழிந்தபின் பெரிய கருங்கப்பல்களில் பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருக்கள் வருவார்கள்; அப்போது மறை பாடல்களை வெளிப்படையாகப் பாடிக்கொண்டு நடக்கலாம் என்பது அதன் கருத்து. பெற்றோர் பிள்ளைகளுக்கும், பிள்ளைகள் தம் பிள்ளைகளுக்கும் இதனைச் சொன்னார்கள். சொன்னவர்களுள் ஆறு தலைமுறையினர் அதனைக் காணாமலே கண்மூடினர். தமக்குக் கிட்டாது என்று அறிந்தும் தம் பேரப்பிள்ளைகளுக்காக நம்பினார்களே, அதுவன்றோ கிறிஸ்தவ நம்பிக்கை! வாக்களிக்கப்பட்ட நாட்டை மலையுச்சியிலிருந்து கண்டு உயிர்விட்ட மோசேயின் நம்பிக்கையும் இதுவே.

ஓவுராவில் வெளிப்பட்டபின், வேறு ஊர்களிலிருந்து வந்தவர்கள் பெத்திஜானிடம் வேறு சில கேள்விகளையும் கேட்டனர். உரோமையின் பெரிய தலைவரை அவர் ஏற்றுக்கொள்கிறாரா? அவருக்கு மனைவி உண்டா? அன்னை மரியாவின் சுருபம், திருத்தந்தையோடு ஒன்றிப்பு, குருக்களின் மணத்துறவு ஆகிய மூன்று அடையாளங்களைக் கொண்டு வந்தவர் உண்மையான குருவே என்று உறுதி செய்துகொண்டனர். எழுத்தறியா உழவர்கள் இறையியல் பட்டம் பெற்ற குருவைச் சோதித்துத் தேர்ச்சி கொடுத்த நிகழ்ச்சி இது! பொதுநிலையினரின் விசுவாச உணர்வு என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூறியதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுமோ?

மறைந்து வாழ்ந்த எல்லாரும் இவ்வாறு திருச்சபையோடு மீண்டும் இணைந்துவிடவில்லை என்பதையும் சொல்லுதல் வேண்டும். இகித்சுகி முதலிய தீவுகளில் பலர் தம் முன்னோர் கையளித்த மறைவு முறையையே விடாது பற்றினர். அவர்களை நாம் குறைவாக மதிப்பிடலாகாது. இரகசியத்திலேயே விசுவாசத்தைப் பெற்றவர்க்கு இரகசியமே விசுவாசமாகி விடுவதில் வியப்பில்லை.

நான்காம் சரிவு

உராகாமி மக்கள் தங்கள்மீது வந்த ஒடுக்குமுறைகளுக்குச் சரிவு என்ற பொருளுடைய சொல்லையே வழங்கினர். 1790-இல் முதற் சரிவு. 1842-இல் இரண்டாம் சரிவு. 1856-இல் மூன்றாம் சரிவு. மூன்றாம் சரிவில் ஏழாவது நாட்காட்டித் தலைவர் கிச்சிசோ சிறையிலேயே இறந்தார். ஒன்பது ஆண்டுகள் கழித்து, அவர் காத்திருந்த குரு வந்து சேர்ந்தார். ஆனால் குரு வந்ததும் துன்பம் நீங்கிவிடும் என்று எதிர்பார்த்தவர்களுக்குக் காத்திருந்தது இதுவரை இல்லாத நான்காம் சரிவு.

1867-இல் உராகாமியார் தம் இறந்தோரைப் பௌத்தச் சடங்கின்றித் தாமே அடக்கம் செய்யத் துணிந்தனர். இருநூறு ஆண்டு மறைவு இதனால் வெளிப்பட்டது. சூலை மாதத்து மழையிரவு ஒன்றில் 68 பேர் கைது செய்யப்பட்டனர். கொடிய சித்திரவதையில் ஏறத்தாழ அனைவரும் மறுதலித்தனர். தாகாகி சென்எமோன் என்பவர் மட்டும் இறுதிவரை உறுதியாய் நின்றார். ஆனால் வீடு திரும்பியவர்களின் உள்ளம் அமைதி கொள்ளவில்லை. அவர்களுட் பலர் தாமாகவே ஊர்த்தலைவரிடம் சென்று, தாம் கொடுத்த மறுதலிப்பைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தனர். விடுதலை பெற்றபின், வலிய வந்து மீண்டும் குற்றவாளிகளானவர்கள் இவர்கள்! மனஸ்தாபத்தின் பழைய பாடம் வீண்போகவில்லை.

அடுத்த ஆண்டு ஆட்சி மாறியது, கொள்கை மாறவில்லை. 1868-இல் தலைவர்கள் 114 பேரும், 1870-இல் எஞ்சிய ஊர் முழுவதும், ஆக 3,394 பேர் மேற்கு ஜப்பானின் பல இடங்களுக்கு நாடுகடத்தப்பட்டனர். த்சுவானோ என்னும் மலையூரில் பனி உறைந்த குளத்தில் அவர்களை இறக்கினர். நிற்கவும் படுக்கவும் இயலாத மூன்றடிக் கூண்டில் அடைத்தனர். பசியும் குளிரும் நோயும் சேர்ந்து நாடுகடத்தப்பட்டோரில் 600-க்கு மேற்பட்டோரின் உயிரைக் குடித்தன. ஏறக்குறைய ஆயிரம் பேர் தாளமாட்டாமல் மறுதலித்தனர். மற்றவர்கள் நிலைத்து நின்றனர். மேலைநாடுகளின் கண்டனத்தால் 1873 பிப்ரவரியில் தடைப் பலகைகள் அகற்றப்பட்டன. மக்கள் ஊர் திரும்பினர். இத்தனை கொடுமைகள் நிறைந்த அக்காலத்தை உராகாமியார் ‘பயணம்’ என்றே பெயரிட்டு அழைத்து வந்தனர். திருப்பயணிகளின் வாயில் வரக்கூடிய சொல் அது.

திரும்பி வந்தவர்கள் செய்தது

திரும்பி வந்தவர்களுக்கு வரவேற்பு எதுவும் காத்திருக்கவில்லை. நிலங்கள் தரிசாகிக் கிடந்தன. உழவுக் கருவிகளும் இல்லை. 1874-இல் வயிற்றுக் கடுப்பு நோய் கொள்ளையாய்ப் பரவியது. நாம் எதிர்பார்க்கக்கூடியது, தம் துன்பமே பெரிதென அவரவர் ஒதுங்கியிருப்பார்கள் என்பதே. நடந்தது வேறு. ஒகயாமாப் பகுதிக்கு நாடுகடத்தப்பட்டு மீண்ட இவானாகா மாகி என்னும் இளம்பெண்ணும் அவர் தோழியர் மூவரும், தந்தை தெ ரோவின் வழிகாட்டலில் நோயாளிகளைப் பேணினர்; நோயினால் பெற்றோரை இழந்த குழந்தைகளைச் சேர்த்து வளர்க்கலாயினர். அவர்கள் தங்கியது தாகாகி சென்எமோன் கொடுத்த ஒரு சிறு குடிலில். பின்னாளில் ஒரு பெண்கள் துறவறச் சமூகமாக வளர்ந்தது அம்முயற்சி. துன்பம் சிலரைக் கல்லாக்குகிறது, சிலரை அன்னையாக்குகிறது. இரண்டிற்கும் உள்ள வேறுபாடு எத்துணைத் துன்பம் நேர்ந்தது என்பதில் இல்லை. யாரோடு சேர்ந்து அதனை ஏற்றோம் என்பதிலேயே இருக்கிறது.

மற்றொரு செயலும் குறிப்பிடத்தக்கது. தம் முன்னோர் ஆண்டுதோறும் திருவுருவத்தை மிதிக்க நேர்ந்த ஊர்த்தலைவர் வளாகத்தையே 1880-இல் அவர்கள் விலைக்கு வாங்கி ஆலயமாக்கினர். 1895-இல் தொடங்கிய பெரிய செங்கல் ஆலயம் 1914-இல் நிறைவெய்தியது. அவமானத்தின் இடத்தை அவர்கள் மறக்கவும் இல்லை, அதைவிட்டு ஓடவும் இல்லை. அங்கேயே பீடம் கட்டினார்கள்.

11 மணி 2 நிமிடம்

வரலாறு அங்கே முடிந்திருந்தால் நாம் மங்களம் பாடி நிறுத்தியிருக்கலாம். 1945 ஆகஸ்டு 9-ஆம் நாள் முற்பகல் 11 மணி 2 நிமிடத்திற்கு, உராகாமி ஆலயத்திலிருந்து ஏறக்குறைய 500 மீட்டர் தொலைவில், வானத்தில் அணுகுண்டு வெடித்தது. விண்ணேற்புப் பெருவிழாவிற்கு ஆயத்தமாக இரு குருக்கள் அவ்வேளையில் ஆலயத்தில் பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டிருந்தனர். குருக்களும், காத்திருந்த விசுவாசிகளும் ஒருசேர மடிந்தனர். பங்கின் 12,000 பேரில் ஏறக்குறைய 8,500 பேர் இறந்தனர் என்பர். நான்கு சரிவுகளாலும் அழிக்க முடியாத சமூகத்தை ஒரு நொடி சாம்பலாக்கியது.

அங்கு வாழ்ந்த மருத்துவர் நாகாய் தாகாஷியின் மனைவி மிதோரி, அந்த நாட்காட்டித் தலைவர்களின் குடும்பத்தில் வந்தவர். எரிந்த வீட்டில் மனைவியின் எலும்புகளையும் அருகே உருகிக் கிடந்த செபமாலையையும் கண்டெடுத்தார் நாகாய். கதிரியக்கத்தால் வந்த இரத்தப் புற்றுநோய் அவரை அதற்கு முன்பே பற்றியிருந்தது. அதே ஆண்டு நவம்பர் 23-இல் இறந்தோர்க்காக நிகழ்ந்த திருப்பலியில் பேசிய அவர், உராகாமி உலக அமைதிக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட தகனப்பலி என்னும் கருத்தை வெளியிட்டார். நொறுங்கிய உள்ளங்களுக்கு அச்சொற்கள் அன்று மருந்தாயின. ஆயினும் அதனைக் கேட்டுத் துணுக்குற்றோரும் இருந்தனர். குண்டைக் கடவுளே அனுப்பினாரெனில், அதனை வீசிய மனிதர்க்குப் பொறுப்பு ஏது என்று அவர்கள் வினவினர். அவ்வினா நியாயமானதே.

1981 பிப்ரவரி 25-இல் இரண்டாம் யோவான் பவுல் ஹிரோஷிமாவில் நின்று, போர் மனிதரின் செயலே என்று உலகறியக் கூறினார். தம் துன்பம் கடவுளின் தண்டனையோ என்று உள்ளூரக் கலங்கியிருந்தோர்க்கு அது பெரும் ஆறுதல். சிலோவாம் கோபுரம் இடிந்து இறந்தவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் அல்லர் என்று ஆண்டவரே தெளிவுபடுத்தினார் அன்றோ? துன்பத்தை அனுப்பியவர் கடவுள் என்று சொல்வது வேறு. துன்பத்தினுள் நம்மோடு இருப்பவர் கடவுள் என்று சொல்வது வேறு. முதலாவதைச் சொல்லி அழுபவரின் வாயை அடைப்பது யோபின் நண்பர்கள் செய்த பிழை. இரண்டாவதை நாகாய் தம் வாழ்வினாலேயே சொன்னார். இரண்டு பாய் அளவுள்ள குடிலில் படுத்தபடியே எழுதிக்கொண்டும், வருவோரைத் தேற்றிக்கொண்டும் இருந்து, 1951 மே முதல் நாள் 43-ஆம் வயதில் அவர் இறந்தார். அவருடைய விளக்கம் விவாதத்திற்குரியதாய் இருக்கலாம். அவருடைய உடனிருப்பு விவாதத்திற்கு அப்பாற்பட்டது.

குண்டு விழுந்த அதே ஆண்டின் கிறிஸ்து பிறப்பு இரவில், இடிபாடுகளிலிருந்து தோண்டியெடுத்த பெரிய மணியை உராகாமி மக்கள் ஒலித்தனர். நொறுங்கிப்போன மற்றொரு மணியின் இடம் எண்பது ஆண்டுகள் வெறுமையாய் இருந்தது. குண்டு வீசிய நாட்டின் கத்தோலிக்க மக்கள் காணிக்கை திரட்டி அளித்த மணி அவ்விடத்தில் ஏற்றப்பெற்று, 2025 ஆகஸ்டு 9-இல் 11 மணி 2 நிமிடத்திற்கு இரு மணிகளும் சேர்ந்து ஒலித்தன.

நமக்குரிய பாடம்

பங்குகளில் நாம் அன்றாடம் சந்திக்கும் துன்பங்கள் வேறு வடிவுடையவை. கடனில் அமிழ்ந்த குடும்பம், குடியால் சிதைந்த வீடு, கடலுக்குப் போய்த் திரும்பாத தந்தை, மருத்துவர் கைவிட்ட நோய், வேலையின்றிச் சோர்ந்த இளைஞர். ஃபுமிஎ தகடு நம் முன் வைக்கப்படுவதில்லை. எனினும் உராகாமி நமக்குக் கற்பிப்பவை மறுக்கவியலாதவை.

துன்பம் வந்தபின் செபம் கற்றுக்கொள்ள முடியாது. வராத காலத்தில் மனத்தில் பதிந்த மந்திரமே வந்த காலத்தில் நாவில் எழும். மாலைச் செபத்தில் பாட்டியின் அருகில் அமர்ந்து குழந்தை முணுமுணுக்கும் சொற்கள் அதன் பிற்கால வாழ்வுக்கான கட்டுச்சோறு. அந்தச் செபநேரத்தைத் தொலைக்காட்சிக்கும் கைப்பேசிக்கும் தாரைவார்த்துவிட்ட இல்லங்கள் இதனைச் சிந்தித்தல் நலம்.

அடுத்து, தனிமரம் தோப்பாகாது. உராகாமியின் நாட்காட்டித் தலைவரும் திருமுழுக்கு அளித்தவரும் செய்தி சொன்னவரும் எல்லாருமே பொதுநிலையினர். நம் அன்பியங்களில் இத்தகைய பொறுப்புகள் உள்ளன. அடுத்த வீட்டின் துயரத்தை அறிந்து வந்து சொல்லும் ஒருவர் நம் தெருவில் உண்டா என்று கேட்டுக்கொள்வோம். குரு வந்தால்தான் செபம், குரு சொன்னால்தான் உதவி என்றிருக்கும் பங்கு, குரு மாற்றலாகிப் போன மறுநாளே வாடிப்போகும்.

இறுதியாக, விழுந்தவர்களை நாம் எவ்வாறு நடத்துகிறோம் என்பது. சோதனையில் தளர்ந்து கோவிலுக்கு வருவதை நிறுத்தியவர்கள், தாங்க முடியாத வேளையில் கடவுளைத் திட்டியவர்கள், வெட்கத்தால் ஒதுங்கியவர்கள் ஒவ்வொரு பங்கிலும் இருக்கின்றனர். அவர்களைச் சுட்டிப் பேசுவது எளிது. உராகாமி ஆலயமோ மிதித்தவர்களின் பிள்ளைகளால், மிதித்த இடத்திலேயே கட்டப்பட்டது. மறுதலித்த பேதுருவிடம் உயிர்த்த ஆண்டவர் கணக்குக் கேட்கவில்லை. அன்பு செய்கிறாயா என்று மட்டுமே கேட்டு, மந்தையை அவரிடமே ஒப்படைத்தார். திரும்பி வருவோர்க்கு நம் ஆலயக் கதவைத் திறந்து வைப்போம். தவக்காலத்தின் எத்தனையாவது நாள் என்பதை நம்மைவிடச் சரியாக எண்ணிக்கொண்டே அவர்கள் வரக்கூடும்.